கலிப்பொலியில் இறங்கியவன் எந்த நாட்டுப் பிரஜை?

நக்கீரன்77:
பக்கத்து இழையில் தெற்குச்சிலுவை ஒரு வரியை எழுதிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்கிறார்: "ஆஸ்திரேலியா என்கிற தேசம் 1915 ஏப்ரல் 25 விடியற்காலை கலிப்பொலிக் கடற்கரையில் பிறந்தது." முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படை துருக்கியில் தரையிறங்கிய நாளைச் சொல்கிறார். அங்கே பதில் போட்டால் இழை திசைமாறுகிறது என்பார். அதனால் தனி இழை.

ஒரே கேள்விதான். அன்று படகிலிருந்து குதித்தவன் எந்த நாட்டுப் பிரஜை?

பதிலையும் தந்துவிடுகிறேன். ஏ.ஐ.எஃப். (ஆஸ்திரேலியன் இம்பீரியல் ஃபோர்ஸ்) படையில் சேர வந்தவன் நிரப்பிய படிவத்தில் முதல் கேள்வி பெயர். இரண்டாவது, பிறந்த ஊர். மூன்றாவது, பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜையா அல்லது பின்னால் அந்த உரிமை பெற்ற பிரிட்டிஷ் பிரஜையா. பின்னால் பெற்றவன் என்றால் தாள்களைக் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியன் என்று எழுத இடமே இல்லை. எடுத்த உறுதிமொழி மன்னருக்கு. ஆஸ்திரேலியக் குடியுரிமை என்ற ஒன்று சட்டத்தில் நுழைந்தது 1949 ஜனவரி 26 அன்று. ஏறத்தாழ 34 வருஷம் கழித்து.

தேசம் 1915-ல் பிறந்ததாம், அதற்கு ஒரு பிரஜைகூட இல்லையாம். குற்றம் குற்றமே.

தெற்குச்சிலுவை:
வந்துட்டார் நெற்றிக்கண் காட்ட. படிவத்தைப் படித்தவர் அந்தச் சிப்பாயின் தோள்பட்டையைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. "ஆஸ்திரேலியா" என்று உலோக எழுத்து. இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்து படையில் சேர்ந்தவன் தோளிலும் அதே எழுத்து.

தோளோடு நிற்கவில்லை. சம்பளம் நாளைக்கு 6 ஷில்லிங், பக்கத்து அகழியில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்க்கு 1 ஷில்லிங். அதைக் கொடுத்தது ஆஸ்திரேலியக் கஜானா, லண்டன் அல்ல. 1903 பாதுகாப்புச் சட்டப்படி யாரையும் கட்டாயப்படுத்தி வெளிநாட்டுப் போருக்கு அனுப்ப முடியாது, அதனால் அத்தனை பேரும் தாங்களாகச் சேர்ந்தவர்கள். அதே சட்டத்தின் 98-ஆம் பிரிவு மரண தண்டனையை ஒரு சில குற்றங்களோடு நிறுத்தியது, அதற்கும் ஆஸ்திரேலியத் தலைமை ஆளுநர் ஒப்புதல் வேண்டும். பிரிட்டிஷ் தளபதி ஹெய்க் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். கொடுக்கவில்லை. ராணுவ நீதிமன்றங்கள் ஏ.ஐ.எஃப். ஆட்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை விதித்தன, ஒருவரைக்கூடச் சுடவில்லை. கனடாக்காரர்கள் 25 பேர், நியூசிலாந்துக்காரர்கள் 5 பேர் சுடப்பட்டார்கள்.

போர்க்களத்தில் பேரரசின் தளபதிக்கே "என் ஆளைச் சுட உனக்கு அதிகாரம் இல்லை" என்று சொல்ல முடிந்தால் அது தேசம். நீங்கள் படிவத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நக்கீரன்77:
அருமை. 3-வது கேள்விக்குப் பதில் எங்கே?

தோள் எழுத்தைச் சொன்னவர் தொப்பியில் இருந்த உதயசூரியன் சின்னத்தை ஏன் விட்டுவிட்டார்? அதன் நடுவில் இருப்பது மன்னரின் கிரீடம். படையின் பெயரிலேயே "இம்பீரியல்" இருக்கிறது. கலிப்பொலியில் அந்தப் படைக்கு மேலே இருந்தது பேர்ட்வுட், அவருக்கு மேலே ஹாமில்டன், இருவரும் பிரிட்டிஷ் அதிகாரிகள்.

98-ஆம் பிரிவு நல்ல சட்டம். ஆனால் அது 1903-ல் எழுதியது. கலிப்பொலிக்கு 12 வருஷம் முந்தியது. உங்கள் ஆதாரமே உங்கள் தேதியைச் சாப்பிடுகிறது. 1902 பிப்ரவரி 27 அன்று தென்னாப்பிரிக்காவில் ஆஸ்திரேலியாவிலிருந்து போரிடப் போன மோரன்ட்டையும் ஹேண்ட்காக்கையும் பிரிட்டிஷ் ராணுவம் மரண தண்டனையாகச் சுட்டது. ஆஸ்திரேலிய அரசுக்கு விஷயமே பின்னால்தான் தெரிந்தது. அந்த எரிச்சல் இருந்த காலத்தில் வந்த சட்டம் அது. கடற்கரையில் பிறந்தது இல்லை.

பொடிமட்டை:
எரிச்சல்ல பிறந்த தேசமா, கரையில பிறந்த தேசமா. பிரசவ வார்டுல ரெண்டு டாக்டர் சண்டை. நான் ஓரமா உட்கார்ந்து பாக்குறேன்.

யாழினி:
இரண்டு பேருமே 1901-ஐத் தாண்டிக் குதிக்கிறீர்கள், அதில்தான் சங்கடமான விஷயம் இருக்கிறது என்பதால்.

ஆறு காலனிகள் சேர்ந்த கூட்டாட்சி 1901 ஜனவரி 1-ல் வந்தது. புதிய நாடாளுமன்றம் அந்த வருஷமே போட்ட பெரிய சட்டங்களில் இரண்டு: குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம், பசிபிக் தீவுத் தொழிலாளர் சட்டம். இரண்டாவது, குயின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களைத் திருப்பி அனுப்ப. முதலாவது எப்படி நடந்தது என்று பாருங்கள். சட்டத்தில் நிறம் என்ற பேச்சே வராது. அதிகாரி ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் 50 வார்த்தை வாசிப்பார், வந்தவர் கேட்டு எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரி விருப்பம். ஆங்கிலம் தெரிந்தவருக்கு வேறு மொழி. நாட்டுக்குள் வந்து ஒரு வருஷம் ஆகும்வரை எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டு வைக்கலாம். பிறகு அதை 3 வருஷம், 5 வருஷம் என்று நீட்டினார்கள். தவறினால் 6 மாதம் வரை சிறை, நாடு கடத்தல். 1902 முதல் 1909 வரை எழுதியவர்கள் 1,359 பேர், தேறியவர்கள் 52. அதற்குப் பிறகு ஒருவர்கூடத் தேறவில்லை. 1958-ல்தான் எடுத்தார்கள்.

"நாங்கள் யார்" என்பதற்கு அந்தக் குடியேறிகள் சட்டப் புத்தகத்தில் எழுதிய முதல் பதில் "நாங்கள் யார் இல்லை" என்பதுதான். கடற்கரையும் வேண்டாம், படிவமும் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
யாழினி சொன்ன தேர்வில் 1934 சம்பவத்தையும் சேர்க்க வேண்டும். எகோன் கிஷ், பாசிச எதிர்ப்புப் பேச்சாளர், பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்தவர். மெல்போர்னில் இறங்க விடவில்லை, கப்பலிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். சிட்னியில் அவருக்கு ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். அது இந்தச் சட்டம் குறிப்பிடும் வகையில் ஐரோப்பிய மொழி ஆகாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்காட்லாந்துக்காரர்கள் கொதித்தார்கள்.

நக்கீரன்77:
@யாழினி, நன்றி. நீங்கள் என் கட்சி என்று தெரியாமலே என் கட்சியில் பேசுகிறீர்கள், அம்மணி. குடியுரிமை ஏன் 1949 வரை இல்லை? 1898 மெல்போர்ன் மாநாட்டில் ஜான் குவிக், கூட்டாட்சிக் குடியுரிமையை வரையறுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு வேண்டும் என்று கேட்டார். தோற்கடித்தார்கள். காரணங்களில் ஒன்று: பிரிட்டிஷ் பிரஜை என்று வரையறுத்தால் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வருபவனும் ஹாங்காங் சீனனும் உள்ளே வந்துவிடுவார்கள். ஆகவே வரையறுக்காமலே விட்டார்கள். இன்றைக்கும் அந்த அரசியல் சாசனத்தில் ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடையாது. வெறும் நாடாளுமன்றச் சட்டத்தில் நிற்கிறது.

ஆக 1901-லும் பிரஜை இல்லை, 1915-லும் இல்லை. மறுபடி கேட்கிறேன்: கலிப்பொலியில் இறங்கியவன் எந்த நாட்டுப் பிரஜை?

யாழினி:
அம்மணி வேண்டாம், பெயர் இருக்கிறது. உங்கள் கட்சியில் நான் இல்லை.

1949-ஐப் புனிதத் தேதி ஆக்கிவிட்டீர்கள். அந்த ஜனவரி 26-ல் ஆதிக்குடிகளும் சட்டப்படி ஆஸ்திரேலியக் குடிமக்கள் ஆனார்கள், சரிதானே? அதே நாளில் மேற்கு ஆஸ்திரேலியாவில் 1944-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று நடப்பில் இருந்தது. பூர்வகுடி ஒருவர் "குடியுரிமைச் சான்றிதழ்" வாங்க வேண்டும். வாங்க என்ன தேவை? நீதிபதி முன்னால் போய், இரண்டு வருஷமாக நெருங்கிய ரத்த சொந்தம் தவிர இனத்தாரோடு உறவை அறுத்துவிட்டேன், ஆங்கிலம் பேசுவேன், தொழுநோய் இல்லை, பால்வினை நோய் இல்லை என்றெல்லாம் நிரூபிக்க வேண்டும். பிறகும் பிடுங்கிக்கொள்ளலாம். 1971-ல் ரத்து. அந்தத் தாளை அவர்களே நாய் லைசென்ஸ் என்றுதான் சொன்னார்கள்.

உங்கள் 1949 குடியுரிமையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆள் மதுக்கடைக்குள் போக முடியாது. வாக்குரிமை? 1949-ல் ராணுவத்தில் இருந்தவர்களுக்கும் மாநில வாக்கு ஏற்கனவே உள்ளவர்களுக்கும் மட்டும். எல்லோருக்கும் 1962.

பொடிமட்டை:
1967 பொதுவாக்கெடுப்புலதான ஓட்டு குடுத்தாங்க?

யாழினி:
இல்லை. எல்லோரும் சொல்லும் தப்பு இது. 1967 மே 27 வாக்கெடுப்பு இரண்டு காரியம் செய்தது: மக்கள்தொகைக் கணக்கில் ஆதிக்குடிகளைச் சேர்க்கக் கூடாது என்ற 127-ஆம் பிரிவை நீக்கியது, அவர்களுக்காகச் சட்டம் போடும் அதிகாரத்தை மத்திய நாடாளுமன்றத்துக்குக் கொடுத்தது. 90.77 சதவீதம் ஆதரவு. வாக்குரிமை அதற்கு 5 வருஷம் முன்பே வந்தாயிற்று.

தெற்குச்சிலுவை:
சட்டம், சட்டம், சட்டம். 60,000 பேருக்கு மேல் செத்தார்கள் ஐயா அந்தப் போரில். 50 லட்சம்கூட இல்லாத நாடு. கலிப்பொலியில் மட்டும் 8,141 பேர். ஊருக்கு ஊர் நினைவுத்தூண், தூணில் பெயர்கள். குடியேறி வந்த கூட்டத்துக்குப் பூர்வீகக் கோவிலும் கிடையாது, பூர்வீகச் சுடுகாடும் கிடையாது. அந்தத் தூண்தான் இரண்டும். 1916 ஏப்ரல் 25-லேயே நினைவுநாள் ஆரம்பித்துவிட்டது. உங்கள் 1949 ஜனவரி 26-ல் எவன் தெருவில் அழுதான்?

நக்கீரன்77:
அழுதார்களா இல்லையா என்பது கேள்வியே இல்லை. எந்த நாட்டுப் பிரஜை என்பதுதான் கேள்வி. பதில் வராது என்று தெரியும்.

அந்தக் கதையை யார் எழுதினார்கள் என்றாவது தெரியுமா? 1915 மே 8-ல் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் முதலில் வந்த தரையிறக்க வர்ணனை ஆஷ்மீட் பார்ட்லெட் என்ற ஆங்கிலேய நிருபருடையது. ஆஸ்திரேலியாவின் சொந்த நிருபர் பீன் எழுதியது அதற்கும் பிறகுதான் வந்து சேர்ந்தது. ஆங்கிலேயன் சபாஷ் போட்டான், இவர்கள் பூரித்துப் போனார்கள். இது தேசிய உணர்வா, பெரியவர் முதுகில் தட்டிய சந்தோஷமா? வெள்ளைக் குடியேற்ற நாடுகள் எல்லாவற்றிலும் இந்த வியாதி உண்டு: தன்னைத் தானாகப் பார்க்கத் தெரியாது, தாய்நாட்டின் கண்ணாடி வேண்டும்.

அந்தக் கலிப்பொலியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் செத்தது ஆஸ்திரேலியர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். பிரெஞ்சுக்காரர்களும் ஆயிரக்கணக்கில். இந்திய மலைப் பீரங்கிப் படை அதே ஏப்ரல் 25-ல் அதே ஆன்சாக் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை) கரையில் இறங்கியது. அவர்களுக்கும் அன்று ஒரு தேசம் பிறந்ததா?

இன்னொன்று. போர் அவர்களை ஒன்றாக்கியது என்பதே கதை. 1916 அக்டோபர் 28-ல் கட்டாய ராணுவ சேவை வாக்கெடுப்பு: வேண்டும் 10,87,557, வேண்டாம் 11,60,033. அடுத்த வருஷம் டிசம்பர் 20-ல் மறுபடியும். வித்தியாசம் இன்னும் கூடியது. தொழிற்கட்சி பிளந்தது. பிரதமர் ஹியூஸ் சொந்தக் கட்சியிலிருந்தே வெளியேறினார். ஐரிஷ் கத்தோலிக்கர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் விழுந்த விரிசல் இரண்டு தலைமுறை நின்றது. ஒன்றான லட்சணம் இது.

தெற்குச்சிலுவை:
அந்த வாக்கெடுப்பு எனக்குத்தான் சாதகம். பேரரசுக்கு ஆள் வேண்டும் என்று பிரதமரே கெஞ்சியும் ஜனங்கள் இரண்டு தடவை முடியாது என்றார்கள். பிரிட்டிஷ் பிரஜையாக மட்டும் இருந்திருந்தால் 1916 ஜனவரியிலேயே பிரிட்டனில் கட்டாய சேவைச் சட்டம் வந்த மாதிரி வாயை மூடிக்கொண்டு போயிருப்பான். வாக்கெடுப்பு நடத்தியதே ஆஸ்திரேலியா, தோற்கடித்ததும் ஆஸ்திரேலியா. இதை உங்கள் 3-வது கேள்வியில் எங்கே எழுதுவீர்கள்?

நக்கீரன்77:
3-வது கேள்வியில் "பிரிட்டிஷ் பிரஜை" என்று எழுதுவேன். ஏனென்றால் அவன் எழுதியது அதுதான்.

கணக்குப்பிள்ளை:
சண்டையின் நடுவே ஒரு சின்ன விஷயம். "ஆஸ்திரேலியா" என்ற அணி நாட்டுக்கு முன்பே இருந்தது. 1877 மார்ச் 15, மெல்போர்ன், இங்கிலாந்துக்கு எதிராக முதல் கிரிக்கெட் டெஸ்ட். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா ஆட்களைச் சேர்த்துக் கட்டிய அணி. முதல் இன்னிங்ஸில் பேனர்மன் 165, அணியின் மொத்தம் 245. வெற்றி 45 ரன்னில். ஒன்றோடொன்று போட்டி போட்ட இரண்டு காலனிகள் ஒரே பெயரில் நின்றது அதிசயம்தான். அடையாளம் மைதானத்தில் வந்தது, பிறகு சட்டத்துக்கு வந்தது.

நக்கீரன்77:
பேனர்மன் பிறந்தது எங்கே? இங்கிலாந்தின் வூல்விச்சில். ஆஸ்திரேலியாவின் முதல் சதமே இங்கிலாந்தில் பிறந்தவன் கையால். அதற்கு "டெஸ்ட்" என்று பெயர் வைத்ததும் பிற்காலத்தில்தான். அடுத்து?

கணக்குப்பிள்ளை:
எங்கே பிறந்தான் என்பது கணக்கில் வருமானால் உங்களுக்குத்தான் சிக்கல். ஹியூஸ் பிறந்தது லண்டன். 1914-ல் கடைசி ஆளும் கடைசி ஷில்லிங்கும் பிரிட்டனுக்குத் தருவோம் என்று சொல்லிப் பிரதமரும் ஆன ஃபிஷர் ஸ்காட்லாந்து. 1904-ல் பிரதமரான வாட்சன் பிறந்தது சிலி நாட்டு வால்பரைசோ. குடியேறிய நாட்டில் பிறந்த இடத்தை அளவுகோலாக வைத்தால் மந்திரி சபையே காலியாகிவிடும். மாறாக 1901 கணக்கெடுப்பில் முக்கால் பங்குக்கு மேல் அங்கேயே பிறந்தவர்கள். பிறப்பு, பற்று, பிரஜை உரிமை மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

யாழினி:
கிரிக்கெட் வந்துவிட்டதல்லவா, அப்போது 1868-ஐயும் சொல்லுங்கள். இங்கிலாந்துக்குப் போன முதல் ஆஸ்திரேலிய அணி ஆதிக்குடிகளின் அணி. 47 ஆட்டம், 14 வெற்றி, 14 தோல்வி, 19 சமன். அடுத்த வருஷம் விக்டோரியாவில் ஆதிக்குடிகள் எங்கே வசிக்கலாம், யாரிடம் வேலை செய்யலாம் என்று வாரியம் முடிவு செய்யும் சட்டம் வந்தது. 1877 அணி நினைவிருக்கிறது, 1868 அணி நினைவில் இல்லை. எதை மறப்பது என்பதும் தேசம் கட்டும் வேலைதான்.

1871-ல் மெல்போர்னில் "ஆஸ்திரேலிய நேட்டிவ்ஸ் சங்கம்" ஆரம்பித்தார்கள். நோய்க்கும் சாவுக்கும் உதவித்தொகை தரும் சங்கம், பிறகு கூட்டாட்சிக்கு முக்கியப் பிரசார பலம். உறுப்பினர்கள் அங்கே பிறந்த வெள்ளையர்கள். பூர்வகுடியின் பெயரையும் எடுத்துக்கொண்டு அவனையும் வெளியே நிறுத்தினார்கள். இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

பொடிமட்டை:
நக்கீரன் அண்ணே, போன மாசம் கனடா கொடி இழையில 1965 பிப்ரவரி 15-க்கு முன்னாடி கனடாவே இல்லைன்னு சாதிச்சீங்க. அங்க கொடி, இங்க பிரஜை. நாளைக்கு நியூசிலாந்துக்கு தபால்தலையா?

நக்கீரன்77:
தம்பி, கனடா இழையில் நான் அப்படிச் சொல்லவில்லை, தேடிப் படிக்கவும். கனடாவை இழுத்ததும் நல்லதுதான். கனடா தன் குடியுரிமைச் சட்டத்தை 1947 ஜனவரி 1-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதனால் பேரரசு முழுக்க ஒரே பிரஜை நிலை என்ற ஏற்பாடு உடைந்தது. 1947-ல் லண்டனில் நிபுணர்கள் கூடி, அந்தந்த நாடு தன் குடியுரிமையைத் தானே வரையறுக்கட்டும் என்றார்கள். அதற்குப் பிறகுதான் ஆஸ்திரேலியாவின் 1948 சட்டம்.

தெற்குச்சிலுவை:
ஹா! ஆக உங்கள் 1949 என்பது ஆஸ்திரேலியன் எழுந்து நின்று கேட்டு வாங்கியதுகூட இல்லை. கனடா போட்டதால் வந்த தாள். இதை வைத்தா என்னிடம் வாய்ச்சவடால்?

அந்தச் சட்டத்துக்குப் பிறகும் ஆஸ்திரேலியக் குடிமகன் பிரிட்டிஷ் பிரஜையாகவும் தொடர்ந்தான். பாஸ்போர்ட் அட்டையில் "பிரிட்டிஷ் பாஸ்போர்ட்" என்ற எழுத்து 1967 வரை இருந்தது. 1984 ஜனவரி 25-ல் வாக்காளர் பட்டியலில் இருந்த பிரிட்டிஷ் பிரஜை, குடியுரிமை வாங்காமலே இன்றைக்கும் ஓட்டுப் போடலாம். உங்கள் அளவுகோல்படி பார்த்தால் 1949-லும் தேசம் பிறக்கவில்லை ஐயா.

நக்கீரன்77:
பிறந்தது என்று நான் எங்கே சொன்னேன்? 1915-ல் பிறக்கவில்லை என்றேன். இரண்டும் வேறு.

வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். 1931 வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் டொமினியன்களுக்கு, அதாவது பேரரசின் தன்னாட்சி நாடுகளுக்கு, முழுச் சட்ட அதிகாரம் தர முன்வந்தது. ஆஸ்திரேலியா கையை நீட்டவே இல்லை. 1939 செப்டம்பர் 3 அன்று பிரதமர் மென்சீஸ் வானொலியில், பிரிட்டன் போர் அறிவித்துவிட்டது, அதன் விளைவாக ஆஸ்திரேலியாவும் போரில் இருக்கிறது என்றார். கனடா ஒரு வாரம் தள்ளி, செப்டம்பர் 10-ல், தன் பெயரில் அறிவித்தது. ஆஸ்திரேலியா 1931 சட்டத்தை ஏற்றது 1942 அக்டோபர் 9-ல், அதையும் 1939 செப்டம்பர் 3 முதல் செல்லும் என்று பின்தேதி போட்டு. நடுவில் என்ன ஆயிற்று? 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது, 19-ல் டார்வினில் குண்டு. தாய்நாடு காப்பாற்றாது என்று தெரிந்த பிறகுதான் கை நீண்டது. லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மாநில நீதிமன்றங்களிலிருந்து மேல்முறையீடு போவது நின்றது 1986 மார்ச் 3-ல். 1998 செனட் தேர்தலில் குயின்ஸ்லாந்தில் ஜெயித்த ஹீத்தர் ஹில்லின் இடம் பறிபோனது எதனால்? பிரிட்டிஷ் குடியுரிமையை விடாமல் வைத்திருந்ததால். பிரிட்டன் ஓர் அந்நிய நாடு என்று உயர் நீதிமன்றம் 1999-ல் தீர்ப்புச் சொன்னது. கலிப்பொலிக்கு 84 வருஷம் கழித்து!

தெற்குச்சிலுவை:
இத்தனை தேதியும் அரசாங்கத்தின் தேதி. மக்கள் எப்போது தங்களை என்னவென்று நினைத்தார்கள் என்பதற்கு ஒரு தேதிகூட உங்களிடம் இல்லை. சட்டம் கடைசியில் வரும் விருந்தாளி.

யாழினி:
மக்கள் நினைத்ததும் நேர்க்கோடாக இல்லையே. 1960-களில் ஏப்ரல் 25 ஆன்சாக் நாள் கூட்டம் சுருங்கியது, இது செத்துவிடும் என்றே பலரும் நினைத்தார்கள். 1990-ல், 75-ஆம் ஆண்டுக்கு, பிரதமர் ஹாக் பழைய வீரர்களோடு கலிப்பொலிக்கே போனார். அதற்குப் பிறகு வந்த அரசுகள் பணமும் பாடப்புத்தகமும் போட்டு வளர்த்தன. ஏன் 1990? 1988-ல் குடியேற்ற 200-ஆம் ஆண்டு விழா, ஜனவரி 26 அன்று சிட்னியில் ஆதிக்குடிகளும் ஆதரவாளர்களும் பல ஆயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். ஜனவரி 26 கொண்டாட்டமாக மட்டும் இனி இருக்காது என்று தெரிந்துவிட்டது. கலிப்பொலி வசதியான நாள்: சண்டை நடந்தது துருக்கியில், அந்த மண்ணில் இவர்கள் யார் நிலத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை.

ஆதிக்குடிகளும் அந்தப் போருக்குப் போனார்கள், சுமார் ஆயிரம் பேர். ஐரோப்பிய வம்சம் இல்லாதவனை எடுக்காதே என்பது விதி, ஏமாற்றித்தான் சேர வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் வீரர்களுக்கு நிலம் தரும் திட்டத்தில் அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. தெற்குச்சிலுவை, தோளில் உலோக எழுத்து அவர்களுக்கும் இருந்தது. அது என்ன செய்தது?

நக்கீரன்77:
சரியான கேள்வி. அவர்களும் 3-வது கேள்விக்குப் "பிரிட்டிஷ் பிரஜை" என்றுதான் பதில் எழுதினார்கள் என்பதைச் சேர்த்துக்கொள்ளவும்.

யாழினி:
உங்கள் 3-வது கேள்வி அப்படி என்ன பெரிய சாவி? பிரிட்டிஷ் பிரஜை என்பதே எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. 1902 வாக்குரிமைச் சட்டம் வெள்ளைப் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தது. அதே சட்டம் ஆஸ்திரேலியா, ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகளின் பூர்வகுடிகளைப் பட்டியலிலிருந்து விலக்கியது. ஏற்கனவே மாநில வாக்கு இருந்தவர்கள் சிலர் மட்டும் தப்பினார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவன் பிரிட்டிஷ் பிரஜைதான், அவனுக்கு அங்கே ஓட்டு 1925-ல் திறந்தது. விலக்கில் ஒரே விதிவிலக்கு நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி. நியூசிலாந்து கூட்டாட்சியில் சேரும் என்ற நப்பாசை அப்போதும் போகவில்லை. ஒரே பிரஜை நிலை, நாலு விதமான ஆள். படிவத்தில் ஒரு கோடு எதையும் நிரூபிக்காது.

பொடிமட்டை:
படிவத்துக்கு முதல் அடி விழுந்துருச்சு 😄

மட்டுறுத்துநர்:
தனிநபர் சீண்டல் வேண்டாம். கனடா கொடிச் சண்டையை அந்த இழையிலேயே முடித்துக்கொள்ளவும்.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் மூன்று பேரும் ஆஸ்திரேலியா என்று ஒரே ஆள் இருந்த மாதிரி பேசுகிறீர்கள். 1898 வாக்கெடுப்பில் நியூ சவுத் வேல்ஸ் 71,595 ஆதரவு, 66,228 எதிர்ப்பு. பெரும்பான்மை கிடைத்தது, ஆனால் குறைந்தது 80,000 ஆதரவு என்று விதி இருந்ததால் தோல்வி. அடுத்த வருஷம் மறுபடி வைத்துத்தான் தேறியது. மேற்கு ஆஸ்திரேலியா 1900 ஜூலை 31 வரை இழுத்தது, அதனால் சாசன முகவுரையில் அதன் பெயரே இல்லை. பிறகு 1933 ஏப்ரல் 8-ல் பிரிந்து போகலாம் என்று 1,38,653 பேர், வேண்டாம் என்று 70,706 பேர். கலிப்பொலிக்கு 18 வருஷம் கழித்து, மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் அந்தத் தேசம் வேண்டாம் என்றார்கள்! மனு லண்டனுக்குப் போயிற்று, கான்பராவில் உள்ள மத்திய அரசு கேட்காமல் நாங்கள் தொட முடியாது என்று 1935-ல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ரயிலைப் பாருங்கள். 1917-ல் கண்டம் முழுக்க இருப்புப்பாதை இணைந்துவிட்டது என்று விழா. பெர்த்திலிருந்து பிரிஸ்பேன் போக கல்கூர்லி, போர்ட் அகஸ்டா, டெரோவி, ஆல்பரி, வாலங்காரா என்று ஐந்து இடத்தில் தண்டவாள அகலம் மாறும். 1067 மில்லிமீட்டர், 1435, மறுபடி 1067, பிறகு 1600, 1435, கடைசியில் 1067. ஒவ்வொரு இடத்திலும் மூட்டையை இறக்கி ஏற்ற வேண்டும்.

நக்கீரன்77:
இதற்கும் மூலம் பார்த்தால் பிரிட்டிஷ் தீவுச் சண்டைதான். 1850-களில் சிட்னி ரயில் கம்பெனியின் ஐரிஷ் பொறியாளர் 1600-ஐச் சிபாரிசு செய்தார், விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும் நம்பி அந்த அகலத்துக்கு வண்டிகளுக்குச் சொல்லிவிட்டன. அவர் போய் ஸ்காட்லாந்துக்காரர் வந்து 1435-க்கு மாற்றிவிட்டார். யாரும் பின்வாங்கவில்லை. மெல்போர்ன் சிட்னி நேரடி ரயில் வந்தது 1962-ல்தான்.

தெற்குச்சிலுவை:
யாரும் பின்வாங்கவில்லை என்பதை நீங்கள் எழுதுவதுதான் நகைச்சுவை.

பொடிமட்டை:
கணக்குப்பிள்ளை சார், அடிலெய்டு, மெல்போர்ன் ரெண்டையும் விட்டுட்டீங்க. அங்கயும் இறங்கி வேற வண்டி ஏறணும். ஏழு.

கணக்குப்பிள்ளை:
அங்கே வண்டிதான் மாறும். தண்டவாள அகலம் 1600 அப்படியேதான். ஐந்து.

பொடிமட்டை:
மூட்டையைத் தூக்கிட்டு நடக்குறவனுக்கு அகலமா முக்கியம்? ஏழு.

நக்கீரன்77:
ஐந்து. அகலம் என்று அவர் தெளிவாக எழுதியிருக்கிறார், மேலே போய்ப் படிக்கவும்.